இருபத்தைந்தாம் பக்கம்

ஜூன் 16, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டில் என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். வரியின் தலையில் நேராகத்தான் புறப்படுகிறேன். வால் வருவதற்குள் அடுத்த வரியின் தோளில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் ஆகிறது. நடுநடுவே விரலுக்குச் சொடக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. என் பெயர் நஞ்சப்பன். அதில் 'ஞ்' மட்டும் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வயது எழுபத்தொன்று. நகைப் பட்டறை வாசல்களில் மண்ணைக் கூட்டி, அலசி, அதில் கிடக்கும் பொன்தூளைப் பிரித்தெடுப்பது என் தொழில். போன அக்டோபர் வரை பேருந்து எண்ணைத் தவிர வேறெதையும் படிக்கத் தெரியாது. மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கும் தமயந்தி டீச்சர்தான் கற்றுக்கொடுத்தார். போன வாரம் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நானே படித்தேன்.

"நடந்தத அப்படியே தெனமும் எழுதுங்கய்யா. மாசம் ஒருக்கா நான் பாக்கறேன்" என்றார் டீச்சர்.

இன்று நடந்தது: பேருந்து நிலையத்துச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று படித்தேன். அந்தச் சுவருக்கு எதிரே எத்தனையோ வருடம் நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூன் 18, புதன்

காலையில் கஞ்சி. எனக்குக் கஞ்சி பிடிக்கும்.

இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் இதயம் மயக்க மருந்தைத் தாங்காதாம். அதனால் ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டிடத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கு மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தார்கள். அங்கே புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். நான்தான் முதல் ஆள்.

இன்று பெரிய டாக்டர் கீர்த்திவாசன் என்னைப் பார்த்தார். கட்டியைத் தொட்டார். பிறகு விளக்கினார்.

"பெரியவரே, தங்கத்த தலைமுடில ஆயிரத்துல ஒரு பங்கா நுணுக்கி ஊசி வழியா உடம்புல ஏத்துவோம். அது சுத்திச் சுத்தி வந்து கட்டிக்குள்ள போய்ச் சேந்துக்கும். மறுநாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த அடிப்போம். தங்கம் அந்த வெளிச்சத்தக் குடிச்சு சூடாகும். கட்டி மட்டும் வெந்து போயிரும். தங்கம் எங்க இருக்குன்னு முன்னாடியே திரையில படமா தெரியும். படத்தப் பாத்துத்தான் அடிப்போம்."

"அத்தன நைசா இருந்தா மஞ்சளா தெரியாதுங்களே" என்றேன்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "ஆமா, செவப்பா இருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சட்டியிலயும் ரொம்ப நைசான தங்கம் கறுத்துத்தானுங்க கெடக்கும். தெரியாதவன் மண்ணுன்னு கொட்டிருவான்."

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு டாக்டர் எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டில் பழனாத்தாளிடம் சொன்னேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "நாப்பத்தாறு வருசத்துல எனக்கொரு குண்டுமணித் தங்கம் வாங்கல. இப்ப இவரு மேலெல்லாம் ஏத்திக்கப் போறாராம்."

ஜூன் 23, திங்கள்

ரேணுப்பிரியா என்ற பெண் அந்த நிலையத்தில் எல்லாத் தாள்களுக்கும் பொறுப்பு. இன்று என்னை உட்கார வைத்து, கேட்காமலே என் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அமுக்கினாள். ஒரு தடித்த படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"என்னதும்மா இது?"

"ஒப்புதல் படிவம் தாத்தா. ரேகை வைங்க."

"நான் படிச்சுட்டு கையெழுத்தே போடறனுங்க."

அவள் என் விரலை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா, மார்ச்சுல பதியறப்ப நீங்க ரேகைதான வச்சீங்க? இதுல எழுதப் படிக்கத் தெரியாதவர்னு இருக்கு."

"அப்பச் சரியாத் தெரியாது. இப்பத் தெரியும்."

"அப்படியெல்லாம் நடுவுல மாற முடியாது தாத்தா. மாத்தணும்னா நெறிமுறைக் கமிட்டிக்குப் போகணும். கமிட்டி ஆவணிலதான் கூடும். நாம ஆடி பொறக்கறதுக்குள்ள தொடங்கணும். டைரக்டர் ஆடியில எதையும் ஆரம்பிக்க மாட்டார்."

தங்கத்தை முடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக நுணுக்கத் தெரிந்தவர்கள் ஆடி மாதத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. நம்மைப் போன்றவர்கள்தான்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து வர அனுமதி கேட்டேன். சட்டப்படி தரத்தான் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை எழுத்துக்கூட்டி அவளுக்கே படித்துக் காட்டினேன். கொடுத்துவிட்டாள்.

மொத்தம் இருபத்துநான்கு பக்கம்.

ஜூன் 26, வியாழன்

மூன்றாம் பக்கம். 'நீங்கள் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்.' கல்யாணத்தின்போது இப்படி ஒரு தாள் கொடுத்திருக்கலாம் என்றேன். "அப்பவும் உங்களுக்குப் படிக்கத் தெரியாதே" என்றாள் பழனாத்தாள்.

ஜூன் 30, திங்கள்

ஏழாம் பக்கம் முடிந்தது. அதில் ஓர் உறுதிமொழி. 'ஆய்வுக் காலத்தில் நான் கர்ப்பம் தரிக்க மாட்டேன் என உறுதி அளிக்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். என் வாசிப்பில்தான் தவறு என்று நினைத்து வகுப்புக்கே போய் தமயந்தி டீச்சரிடம் காட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறேனாம். டீச்சர் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. பொறவு வாக்கு மாறக் கூடாது" என்றாள் பழனாத்தாள்.

சட்டை துவைக்கத் துவைக்கப் பெரிதாகிறது. புதுச் சோப்பு சரியில்லை போல.

ஜூலை 3, வியாழன்

ஒன்பதாம் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை. 'தங்கத் துகள் செலுத்திய இருபத்துநான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை மட்டும் ஒளி செலுத்தப்படும். எக்காரணம் கொண்டும் மறுமுறை செலுத்தப்படாது.'

ஒருமுறைதான். மெதுவாகப் படித்தாலும் நன்றாகப் புரிந்தது.

ஜூலை 7, திங்கள்

பதினான்காம் பக்கம்.

'ஒளி செலுத்தப்படும் இடம்: வலது தாடையின் கீழ்ப்பகுதி.'

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். வலது. தொட்டுப் பார்த்தேன். கட்டி இடது பக்கம்தான் இருந்தது. வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இருந்தது.

பழனாத்தாளைக் கூப்பிட்டு, "இது எந்தக் கை?" என்று கேட்டேன்.

"சாப்பிடாத கை."

"அப்ப இந்தப் பக்கம்?"

"இடது. என்னுங்க, பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

நாளை போய்ச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தவறுதான். இருபத்துநான்கு பக்கத்தில் ஒரே ஒரு சொல்.

ஜூலை 8, செவ்வாய்

சொன்னேன். ரேணுப்பிரியா பதினான்காம் பக்கத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தாத்தா, இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் சம்சாரத்துகிட்ட."

"அவங்க பரவால்ல." பிறகு விளக்கினாள். கமிட்டிக்கு அனுப்பிய மாதிரிப் படிவத்தில் ஏதாவது ஒரு இடம் எழுத வேண்டும் என்பதற்காக வலது என்று அடித்திருக்கிறார்கள். கமிட்டி அதற்கு அப்படியே முத்திரை போட்டுவிட்டது. இப்போது எல்லோருடைய படிவமும் முத்திரை போட்டதைப் போலவே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்பக் கமிட்டிக்குப் போக வேண்டும்.

"கட்டி இடதுலதானம்மா இருக்குது."

"தெரியுது தாத்தா. ஆனா கமிட்டி வலதத்தான அனுமதிச்சிருக்கு."

"பெரிய டாக்டர்கிட்டச் சொல்றனுங்க."

"அவர் வெளிநாட்டுல இருக்கார். இந்தச் சிகிச்சையோட வெற்றியப் பத்திப் பேசப் போயிருக்கார்."

"இன்னும் எனக்குத் தொடங்கவே இல்லீங்களே."

"அதான் சீக்கிரம் தொடங்கணும்ங்கறோம்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். "பயப்படாதீங்க. டாக்டருக்குத் தெரியும். படம் பாத்துத்தான அடிப்பாங்க? படம் பொய் சொல்லாது."

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதைத் திருத்தாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது கம்பீரமாக நடந்தேன். பேருந்தில் ஏறியபோது மூச்சு வாங்கியது. வெயில் அதிகம்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு நாளாகப் பழனாத்தாள் என்னுடன் பேசவில்லை. இன்று பேசினாள்.

"ஆவணி வரைக்கும் அது நெல்லிக்காயாவே இருக்குமா?"

அது இப்போதே நெல்லிக்காய் இல்லை. எலுமிச்சை என்று எழுதியிருக்க வேண்டும்.

"அறுவத்தெட்டு வருசம் ரேகை வச்சீங்களே, யாரு சிரிச்சா? இன்னொரு ரேகைக்கு என்ன கேடு? உங்க கையெழுத்த நான் வீட்டுச் சுவரு பூரா போட்டு வச்சுப் பாத்துக்கறேன். நீங்க இருந்தாப் போதும்."

"எழுவது வருசம்" என்று திருத்தினேன். கோபம் வந்துவிடும் என்று பார்த்தால் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கண்ணில் தண்ணீர். வீட்டில் வெங்காயம் தீர்ந்து மூன்று நாளாகிறது.

ஜூலை 11, வெள்ளி

ரேகை வைத்தேன்.

சாட்சி வேண்டுமாம். படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை முழுக்கப் படித்துக் காட்டியதாக, நிலையத்தில் வேலை செய்யாத ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கேன்டீன் குத்தகைக்காரரிடம் டீ போடும் குட்டனை அழைத்து வந்தார்கள். பாலக்காட்டுக்காரர். நல்ல மனிதர். அங்கே நடக்கும் எல்லா ஆய்வுக்கும் அவர்தான் சாட்சியாம்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

குட்டன் என் காதருகே குனிந்தார். "அண்ணா, எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும். வாசிக்க அறியாது. ஒப்பு போட அறியும்."

ஆகவே நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து. கேன்டீனில் உட்கார்ந்து மூன்று மணி நேரம். நடுவில் நான்கு முறை டீ கொடுத்தார். ஏழாம் பக்கத்தில் இருவரும் சிரித்தோம். பதினான்காம் பக்கத்தில் சிரிக்கவில்லை.

"இதென்னா அண்ணா, வலதுன்னு? கட்டி இங்கயல்லே?" என்று என் இடது தாடையைக் காட்டினார்.

"ஆமா. டாக்டருக்குத் தெரியுமாம்."

இருபத்துநான்காம் பக்கத்தில் 'மேற்கண்டவை அனைத்தும் எழுத்தறிவற்ற பங்கேற்பாளருக்குத் தெளிவாகப் படித்துக் காட்டப்பட்டன' என்ற வரிக்குக் கீழே குட்டன் கையெழுத்துப் போட்டார். நான் கட்டைவிரலை அழுத்தினேன்.

தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் மை போகவில்லை. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் தெரிவது அதுதான். டீச்சர் மன்னிக்கவும்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஊசி ஏற்றினார்கள். பாட்டிலில் இருந்தது காய்ச்சிய திராட்சைச் சாறு போல இருந்தது. "இதா தங்கம்?" என்று பழனாத்தாள் நர்ஸிடம் மூன்று முறை கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கத்தைத் தொடும் ஆசை என்று நினைக்கிறேன். பாட்டில் தீர்ந்த பிறகும் கையை விடவில்லை.

நாளை புதன், ஆனி கடைசி நாள். பத்தரைக்கு முகூர்த்தம். பன்னிரண்டுக்கு ராகுகாலம். பெரிய டாக்டர் இன்று இரவு விமானத்தில் வருகிறார். வந்ததும் இடதைச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஆடி ஒன்று. கை ஓரளவு ஒத்துழைக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு, பூசணிக்காய், நாதஸ்வரம் ஒலிநாடாவில். அந்த ஒளிக் கருவிக்கு மாலை போட்டுச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். கருவியை வாங்கிக் கொடுத்த கிரைண்டர் கம்பெனி முதலாளிதான் தலைமை விருந்தினர். அவர் பொத்தானை அமுக்க வேண்டும். ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் பெரிய திரையில் பார்ப்பார்கள்.

பெரிய டாக்டர் மேடையில் இருந்தார். என்னிடம் வரவில்லை. ரேணுப்பிரியா மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் படுக்க வைத்தவர் ஒரு டெக்னீஷியன் தம்பி.

"தம்பி, கட்டி இந்தப் பக்கமுங்க" என்று இடது தாடையைக் காட்டினேன்.

"ஃபைல்ல வலதுன்னு இருக்குங்கய்யா."

"தொட்டுப் பாருங்க."

"தொடறது டாக்டர் வேலைங்க. நான் ஃபைல் பாத்துத்தான் பண்ணணும்." மரியாதையாகத்தான் சொன்னார்.

தலை அசையாமல் இருக்க வெள்ளை வலைபோல ஒரு முகமூடியை வைத்து மேசையோடு பூட்டினார். வாயைத் திறக்க முடியாது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. மேலே பச்சைத் துணி. அதில் ஒரு ஜன்னல் வெட்டி, ஜன்னலை வலது தாடையில் சரியாகப் பொருத்தினார். என் கட்டி துணிக்கு அடியில் யாரும் பார்க்க முடியாதபடி கிடந்தது.

என் கையில் பேனா இருந்தது. டீச்சர் சான்றிதழோடு கொடுத்த பேனா. உலோகம் கூடாது என்றார் தம்பி. முழுக்கப் பிளாஸ்டிக்தான் என்று காட்டினேன். கிழவனுக்கு ஒரு ஆசை என்று விட்டுவிட்டார்.

பிறகு நான் கேட்டது மட்டும்தான். காலடிச் சத்தம். பெரிய டாக்டரின் குரல்.

"படத்தப் போடுங்க."

பொத்தான்களைத் தட்டும் சத்தம்.

"எங்க தங்கம்? ஒண்ணுமே காணோம்?"

"கேமரால சந்தனம் ஒட்டியிருக்கு சார்." துடைக்கும் சத்தம். "இப்பவும் இல்ல சார்."

"வெளிச்சத்தக் கூட்டு."

"கூட்டியாச்சு சார்."

"எங்க கிரைண்டர்னா கல்லக் கழட்டிப் பாத்துருவோம்" என்றது தலைமை விருந்தினரின் குரல்.

"ஹால்ல எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க சார். போன வருசம் எலிக்கு எடுத்த படம் ஒண்ணு நல்லா வந்துச்சு. இப்போதைக்கு அதப் போட்டுரட்டுமா?"

"போடு."

ஹாலில் கைதட்டல் கேட்டது. எலியின் தங்கத்துக்கு.

நான் இடது கையைத் தூக்கி இடது பக்கம் காட்டினேன். "பயப்படாதீங்க ஐயா" என்று ஒரு நர்ஸ் அந்தக் கையை அன்பாகப் பிடித்து மேசையில் அமுக்கிக்கொண்டார். முனகினேன். "சாமி கும்புடறார்" என்றார் யாரோ.

பெரிய டாக்டர் கடைசியாகச் சொன்னார். "தங்கம் போய்ச் சேந்திருக்கும். மெஷின்தான் சரியாக் காட்டல. ஃபைல்ல எந்த இடம்? வலது. ஃபைல் படியே கொடுத்துரலாம். மணி பதினொண்ணே முக்கால். இனிமே லேட் பண்ணா ராகுகாலம் வந்துரும்."

படத்தைப் பார்த்துத்தான் அடிப்போம் என்று சொன்னவர். படம் இங்கே தங்கம் இல்லை என்று சரியாகத்தான் சொன்னது. எல்லோரும் படத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஃபைலை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒருமுறைதான். ஒன்பதாம் பக்கம்.

வலது கை துணிக்கு வெளியே இருந்தது. ரேகை வைத்த அதே கட்டைவிரலால் பேனா மூடியைத் தள்ளினேன். அது தரையில் விழுந்து உருண்டது. நெஞ்சின் மேல் கிடந்த பச்சைத் துணியில் எழுதத் தொடங்கினேன். கண்ணாடிக்குள் இருட்டு. துணி வழுக்கியது. 'இ' போட மிக நேரமானது. சுழியைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. 'ட' சுலபம். இரண்டு கோடுதான். 'து' போடும்போது மை சரியாக இறங்கவில்லை, மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

காலடிகள் என் பக்கம் திரும்பின.

"என்னப்பா, கிழவர் துணில கிறுக்கறாரு" என்றார் விருந்தினர். பிறகு எழுத்துக்கூட்டினார், என்னைப் போலவே. "இ... ட... து. இடது. எது இடது?"

வாசல் பக்கம் டம்ளர்கள் மோதும் சத்தம். விருந்தினருக்கு டீ கொண்டு வந்திருந்த குட்டன். "பதினாலாம் பக்கம், டாக்டரே. இந்த அண்ணன் எனக்கு வாசிச்சுக் காட்டியதாக்கும். நானாக்கும் சாட்சி."

துணி தூக்கப்பட்டது. ஒரு குளிர்ந்த விரல் என் இடது தாடையைத் தொட்டது. கருவியைத் தள்ளும் சக்கரச் சத்தம். பிறகு பெரிய டாக்டர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

நான் பார்க்கவில்லை. பிறகு குட்டன் சொன்னார், திரையில் கார்த்திகைக்கு விளக்கு வைத்தது போல இருந்தது என்று. எனக்குத் தெரியும். சட்டியில் கடைசித் தண்ணீரைச் சாய்க்கும்போது அடியில் அப்படித்தான் தெரியும்.

"சுவிட்ச அமுக்குங்க சார்" என்றார் டாக்டர்.

"மணி பன்னெண்டு அஞ்சு. ராகுகாலம். நான் கை வைக்க மாட்டேன்" என்றார் விருந்தினர்.

பெரிய டாக்டரே அமுக்கினார். தாடைக்கு அடியில் வெதுவெதுப்பாக ஆரம்பித்து, சூடான ஒத்தடம் போல ஏறியது. பத்து நிமிடம். ஹாலில் அவ்வளவு நேரமும் எலிதான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஜூலை 18, வெள்ளி

கட்டி வீங்கியிருக்கிறது. வெந்த சதை முதலில் வீங்கித்தான் வற்றும் என்றார்கள். கஞ்சி மட்டும். இன்று கஞ்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ரேணுப்பிரியா வந்தாள். இரண்டு நாள் தூங்காத முகம். எழுதத் தெரியாதவர் சிகிச்சையின் நடுவே எழுதியது விதிமீறலாம். அறிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு எழுதத் தெரியும் என்று ஒப்புக்கொண்டால் ரேகை செல்லாது. ரேகை செல்லாவிட்டால் சிகிச்சையே நடக்கவில்லை. டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஒரு தாளை நீட்டினாள்.

படித்தேன். 'பச்சைத் துணியில் காணப்படும் எழுத்து என்னுடையது அல்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.'

"நான் எழுதினதுன்னு போட்டுக்கங்க" என்றாள் பழனாத்தாள், கதவோரம் நின்று. "எனக்கும்தான் தெரியாது."

ரேணுப்பிரியா சிரிக்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, தெனமும் நூறு பக்கம் அடிக்கறேன். எல்லாத்தையும் எண்ணித்தான் அடுக்கறேன். ஒண்ணையும் படிச்சதில்ல. நீங்க எழுதலைன்னா..." என்று நிறுத்தினாள்.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தாளை வாங்கி, பேனாவை எடுத்து, கீழே என் முழுப்பெயரையும் எழுதினேன். நஞ்சப்பன். தேதியும் போட்டேன்.

அவள் நெடுநேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது காணாமப் போயிரும் தாத்தா" என்றாள். "அந்தத் துணிய என்ன பண்ணப் போறேன்னு தெரியல."

ஜூலை 20, ஞாயிறு

தமயந்தி டீச்சர் வீட்டுக்கே வந்து நோட்டைப் பார்த்தார். பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். பதினேழாம் தேதிப் பக்கத்தில் மட்டும் ஒரு வட்டமும் இல்லை. அதில் பிழை இருந்திருக்கும். என் எழுத்து எனக்குத் தெரியும்.

ரேணுப்பிரியா போன் செய்தாள். துணியைத் தூக்கிப்போட விதியில் இடமில்லையாம். அது பங்கேற்பாளர் தந்த தகவல் ஆகிவிட்டதாம். பெரிய டாக்டரே அதை மடித்து ஃபைலில் குத்தச் சொல்லிவிட்டார். இருபத்துநான்கு பக்கத்துக்குப் பிறகு, இருபத்தைந்தாம் பக்கம்: ஒரு பச்சைத் துணி. கமிட்டி ஆவணியில் கூடும்போது அதைப் படித்தாக வேண்டும். இந்த நோட்டின் எல்லாப் பக்கத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த மூன்று எழுத்துக்கு மட்டும் கேட்க மாட்டேன்.

வீக்கம் நேற்றைவிடக் குறைவு. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. பழனாத்தாள் தினமும் ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறாள், தோசைக்கல்லைத் தொடுவது போல.

புதன்கிழமை மறுபடி படம் எடுக்கிறார்கள். முடிவைத் தமிழில் இரண்டே வரியில் அடித்துத் தருவதாகவும், அடித்ததைத் தானே ஒருமுறை படித்துவிட்டுத் தருவதாகவும் ரேணுப்பிரியா சொல்லியிருக்கிறாள்.

"அவங்க வாயால கேக்க எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள் பழனாத்தாள். "நீங்களே படிங்க. மெதுவாப் படிங்க. எத்தன நேரமானாலும் நான் உக்காந்திருக்கேன்."

அந்த இரண்டு வரியில் என்ன இருந்தாலும் எழுத்துக்கூட்டிக் கடைசிப் புள்ளி வரை படிப்பேன். படித்ததை அன்று சாயங்காலமே இந்த நோட்டில் எழுதிவிடுவேன். அதற்காக இதற்கு அடுத்த பக்கத்தில் இப்போதே தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஜூலை 23, புதன். இந்தத் தடவை வரி கொஞ்சம் நேராக வந்திருக்கிறது.